திருஷ்டிக்கும் ருசி தெரியும்

வெள்ளிக்கிழமை காலையில் திருநெல்வேலிப் பேட்டைக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. வேலைக்குப் போகிற கூட்டம் இல்லை மக்கா அது. வேலையைப் போட்டுவிட்டுப் போகிற கூட்டம். ஒருவர் மடியில் மாம்பழக் கூடை. ஒரு அம்மாள் கையில் தூக்குவாளி நிறையப் பாயசம். இன்னொருவர் ஆள் உயரக் கரும்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் டிக்கெட் கேட்கிற கண்டக்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டு வருவார். எல்லாருக்கும் ஒரே குறை. இனிக்க வேண்டியது இனிக்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே மருந்து. இனிப்புச் சாமி.

தொழிற்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு வெல்டிங் பட்டறைதான் சாமியின் மடம். வாசலில் பனை உயரத்துக்கு பிளக்ஸ். ‘பட்ட கண் பறக்கும், போன இனிப்பு திரும்பும்.’ அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.’ அல்வாக் கடைக்காரர்கள்கூட இவ்வளவு கவலைப்பட்டு எழுதியதில்லை.

சாமியின் பெயர் அம்மையப்பன். ஏழு வருஷத்துக்கு முன்பு அதே பட்டறையில் இரும்புக் கேட் செய்துகொண்டிருந்தவர். கேட் தொங்கிப்போனால் வாங்கினவன் வந்து சட்டையைப் பிடிப்பான். சாமியானால் அந்தத் தொல்லை இல்லை. இனிக்காவிட்டால், வந்தவன் நம்பிக்கையில் ஓட்டை என்று சொல்லிவிடலாம். வெல்டிங் செய்தால் நம் கண் கெடும். இதில் கெடுவதெல்லாம் அடுத்தவன் கண்தான்.

வைத்தியம் இப்படி. முதலில் ‘வாய்சுத்திப் பொடி’ என்று ஒரு பச்சைப் பொடியைச் சிட்டிகை அளவு நாக்கில் வைப்பார். கசக்கும். ஐம்பது எண்ணும் வரை வாய்க்குள் உருட்டி, கொப்புளித்துத் துப்ப வேண்டும்.

“நாக்குல ஒட்டியிருக்க பொய்ய இது கழுவிரும். இனிமேத் தெரியது உண்மை ருசி” என்பார்.

பிறகு கொண்டு வந்ததைத் தின்னச் சொல்வார். தின்றவன் முகம் கோணும். மாம்பழம் வெறும் புளிப்பு. பாயசம் கஞ்சி. கரும்பு விறகு. “பாத்தியா, எவனோ கண்ணு வழியா உறிஞ்சிட்டான்” என்பார் சாமி. அப்புறம் ஒரு மணி நேரம் மணியடிப்பு, புகை, முணுமுணுப்பு. முடிந்ததும் அதே பழத்தைக் கொடுப்பார். தேனாக இனிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அப்படிப் போட்டுக்கொண்டு கன்னம் சிவந்தவர்களில் ஒருவர்தான் நம் ஆவுடைநாயகம்.

நல்ல மனிதர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ‘பிள்ளைக்கு இன்னும் மூணு வயசு ஆகல’ என்று சொன்ன எந்தத் தாயையும் அந்த முப்பத்தோரு வருஷத்தில் அவர் நம்பியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, சொல்கிறவர்கள் எல்லாரையும் நம்ப ஆரம்பித்தார். செலவழிக்காமல் வைத்திருந்த நம்பிக்கை மொத்தமும் மடை திறந்த மாதிரி ஓடியது.

சேரன்மாதேவிக்கு மேற்கே, கால்வாய்க்கரைக்கு மேலே, செம்மண் மேட்டில் அவருக்கு இரண்டு ஏக்கர் திராட்சை. கம்பத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தலில் தொங்கிய பன்னீர் திராட்சையைப் பார்த்துச் சொக்கிப்போனார். குச்சி வாங்கி வந்து, கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் படரவிட்டார். நெல்லும் வாழையும் மட்டும் தெரிந்த ஊர் சிரித்தது. அவருடைய தம்பி சிரிக்கவில்லை. நிலத்தில் பாதி தம்பிக்குச் சேர்ந்தது.

“போன அறுப்பு ஒண்ணும் தேறல. இந்த அறுப்பும் போச்சுன்னா கல்லப் பிடுங்கிட்டு வாழைக்கன்னு வைப்போம்ணே” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் தம்பி. வாழைக்கன்றுக்கு ஆள் சொல்லி வைத்துவிட்டதாகவும் கேள்வி.

கொடியைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஆவுடைநாயகத்தின் மனைவி பிரேமலதா. கிளை நறுக்குகிற கவாத்துக் கத்திரி அவள் இடுப்பிலேயே இருக்கும். கொடி அளவுக்கு மேல் குலை விட்டால் பாதியைப் பிஞ்சிலேயே வெட்டிப்போடுவாள். அவருக்கு வயிறு எரியும்.

“காய்க்கதையும் வெட்டிப் போடுதியே, ஏளா, உனக்கென்ன கிறுக்கா?”

“ஒரு படி அரிசிய நூறு பேருக்குப் பொங்குனா எல்லாருக்கும் கஞ்சித் தண்ணிதான். பத்துப் பேருக்குப் பொங்குனா சோறு. கொடியும் அப்பிடித்தாங்க. எவ்வளவு இலையோ அவ்வளவுக்குத்தான் பழம் இனிக்கும்.”

நிற்க வேண்டிய குலைக்கு நீல நைலான் நூலில் ஒரு சுருக்குப் போடுவாள். நூல் இல்லாத குலை கத்திரிக்கு. குலையை மூடிய இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் விடுவாள். அறுப்புக்குப் பத்து நாளைக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவாள். ருசி பார்க்கும்போது குலையின் தோளில் இருக்கிற பழத்தைத் தொடமாட்டாள். அடி நுனியில் தொங்குவதைத்தான் பிய்த்துத் தின்பாள். கடைசியில் பழுப்பது அதுதான். அது இனித்தால் குலை முழுவதும் இனிக்கும்.

இந்தக் கொடிக்குள் சாமி நுழைந்தது போன அறுப்பில். நல்ல குலைகளாகப் பார்த்துத் தொட்டார். “இதுல விஷக்கண்ணு விழுந்திருக்கு. வீட்டுக்கு ஆகாது. வித்தா, வாங்குனவன் குடும்பத்துக்கு ஆகாது. ஆத்துலதான் விடணும்” என்றார். ஆற்றில் விடுகிற சிரமத்தையும் தாமே ஏற்றுக்கொண்டார். வேன் அவருடையது. வெளியே சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டதால், ஆவுடைநாயகம் மனைவியைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மிஞ்சின சோடைப் பழம் சந்தைக்குப் போனது. போன வேகத்தில் பாதி திரும்பி வந்தது.

திருஷ்டிக்கும் ருசி தெரியும் மக்கா. ஒரு தடவையாவது அது அழுகல் குலை மேல் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் போகத்துக்குச் சாமி புதுக் கட்டளை போட்டார். “குலைய வெட்டுதது பிள்ளைய வெட்டுதது மாதிரி. கத்திரி படவே கூடாது.” பிரேமலதா கேட்கவில்லை. வீட்டில் மூன்று நாள் மிக்சியைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பந்தலையே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பந்தல் அவள் கத்திரிக்கு. மேற்குப் பந்தல் சாமி வாக்குக்கு.

மேற்கில் குலைமேல் குலை. ஆவுடைநாயகம் தினமும் அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போவார். இலைக்கூட்டத்துக்குள் வெயில் நுழையாது. பழம் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் பச்சை. கிழக்கில் குலை குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கருநீலமாக, மேலே வெள்ளைப் படலம் பூத்து, கல் மாதிரி கனத்துத் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆவுடைநாயகத்தின் வாயில் எச்சில் ஊறும். உடனே சாமியை நினைத்து விழுங்கிக்கொள்வார்.

அறுப்புக்கு நான்கு நாள் இருக்கையில் சாமி வேனில் வந்து இறங்கினார். பிரேமலதா மைனாக்களுக்கு வலை கட்டிக்கொண்டிருந்ததால் பொடிக்கு வரவில்லை. ஆவுடைநாயகம் நாக்கை நீட்டினார். ஐம்பது எண்ணினார். துப்பினார். கிழக்குப் பந்தலில் ஒரு பழம் தின்றார். புளியங்காயைக் கடித்தாற்போல முகம் சுருங்கிவிட்டது. மேற்கில் ஒன்று. அதுவும் புளிப்பு.

“எல்லாம் போச்சே சாமி” என்றார்.

“பைய இரும். எந்தப் பக்கம் மீளுதுன்னு பாப்போம்.” சாமி மணியை எடுத்தார்.

மணியடித்துக்கொண்டிருக்கும்போதே பிரேமலதா காப்பி கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்த ஆவுடைநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னளா, சீனி போடலையா?”

“மூணு கரண்டி போட்டிருக்கேன்.”

“மண்ணு மாதிரி இருக்கு.”

அவள் அதே டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பாகு. சாமி கண்ணை மூடியபடியே, கொஞ்சம் அவசரமாக, “கண்ணு காப்பிக்கும் பரவுது” என்றார்.

பிரேமலதா டம்ளரைக் கீழே வைத்தாள். கிழக்குப் பந்தலுக்குப் போய் ஒரு குலையின் நுனிப் பழத்தைத் தின்றாள். திரும்பி வந்து, புருஷன் துப்பிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் நடந்தாள். வரும்போது எதையோ மென்று பச்சையாகத் துப்பிக்கொண்டு வந்தாள். காப்பியைக் குறை சொன்ன கோபத்தில் இலையைக் கடிக்கிறாள் என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர். பாவம், அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. மேற்குப் பந்தலின் ஓரத்தில், வெயில் பட்ட ஒரே குலையின் தோளிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து நீட்டினார் சாமி. இனித்தது. ஆவுடைநாயகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கிழக்குப் பழம் ஒண்ணுகூட வாயில படக்கூடாது. கத்திரி பட்ட பாவம், மீளாது. வெள்ளிக்கிழமை உச்சிக்கு அந்தப் பக்கத்த மொத்தமா அறுத்து வேன்ல ஏத்திரு, ஆத்துல விட்டுருதேன். மடத்துக் கூட்டத்தையும் இங்கன கூட்டிட்டு வாரேன். எல்லாரும் கண்ணால பாக்கட்டும்.”

அன்று முழுவதும் ஆவுடைநாயகம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கிழக்கு போனால் அறுப்பு போனது. அறுப்பு போனால் கல்தூண் போனது. ஆனால் தின்று பார்த்தது தம்முடைய நாக்கு அல்லவா? சொந்த நாக்கு பொய் சொல்லுமா?

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். வாழைக்கன்று கணக்கோடு தம்பியும் வந்தார். பெட்டிக்கடைக்காரர் ஒருவர் நாலு கேஸ் சோடாவோடு இறங்கினார். அந்தக் கூட்டத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வந்த ஒரே மனிதர் அவர்தான். பக்கத்து வயல்காரர் அகமது மீரான் வரப்போரம் நின்றார். ஜித்தாவில் இருபது வருஷம் லாரி ஓட்டிச் சீனி வியாதியோடு ஊர் திரும்பியவர்.

பிரேமலதா அன்று காலையிலேயே டவுனுக்குப் போய்வந்திருந்தாள். கையில் மூன்று கிலோ அல்வா. சூடு ஆறாமல் நெய் வழிந்தது.

“சாமி, பழம் ஆத்துக்குப் போறதுக்கு முன்னால வந்தவங்களுக்கு ஒரு வாய் இனிப்பு குடுக்கணும்னு ஆசப்படுதேன்.”

“நல்ல மனசு தாயி.”

“உங்க பொடியும் குடுங்க. பத்துப் பேரு முன்னால வரட்டும். அஞ்சு பேருக்குப் பொடி உண்டு. அஞ்சு பேருக்கு இல்ல.”

சாமியின் கை பொடி டப்பாமேல் நின்றது. “அதென்னம்மா பாதிக்குப் பாதி?”

“உண்மை ருசி பொடி போட்டாத்தான தெரியும்? போட்டவங்க ஒண்ணு சொல்லட்டும், போடாதவங்க ஒண்ணு சொல்லட்டும். கேட்டுக்கிடுவோம்.”

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “குடும் சாமி” என்றது. முந்நூறு பேர் கேட்கும்போது மறுத்தால் சாமித்தனம் என்னாவது? கொடுத்தார். ஆவுடைநாயகம், பஸ்ஸில் வந்த கரும்புக்காரர், இன்னும் மூன்று பேர் வாயில் பொடியை உருட்டிக் கொப்புளித்துத் துப்பினார்கள். பொடி இல்லாத வரிசையில் அகமது மீரானும், தூக்குவாளிப் பாயசத்தோடு வந்த ஜெமிமா டீச்சரும், மற்ற மூன்று பேரும்.

ஒரே இலையில், ஒரே கத்தியால் அல்வாவைப் பத்துத் துண்டு போட்டாள் பிரேமலதா.

ஆவுடைநாயகம் வாயில் போட்டார். மென்றார். அவருடைய கண் பையப் பைய அகலமானது. ஐம்பத்தொன்பது வருஷமாகத் தின்ற அல்வா அது. இப்போது வாயில் இருந்தது நெய்யில் நனைத்த சைக்கிள் ட்யூப்.

“சவத்தெளவு, என்னத்தவே இது?” என்று கரும்புக்காரர் துப்பினார்.

பக்கத்து வரிசையில் ஜெமிமா டீச்சர் விரலை நக்கிக்கொண்டு, “இன்னொரு துண்டு கிடைக்குமா?” என்று கேட்டார்.

கிழக்குப் பந்தல் பழமும் வந்தது. இந்த வரிசைக்குப் புளிப்பு. அந்த வரிசைக்குத் தேன்.

சாமி கையைத் தூக்கினார். “பாத்தியளா, கண்ணு அல்வாவுக்கும் வந்துட்டு.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார் மக்கா. சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கரும்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். “யோவ், யார்கிட்ட வந்து என்ன சொல்லுத? திருநெல்வேலி அல்வாவுக்குத் திருஷ்டியா? ஊருபட்ட ஜனம் பாத்துக்கிட்டே நின்னு வாங்குத சாமான் வே அது. கண்ணு படும்னா என்னைக்கோ பட்டிருக்கணும்.”

“ஒரே இலை, ஒரே கத்தி” என்றாள் பிரேமலதா. “கண்ணு இவரு வாயில விழுந்து, பக்கத்துல நிக்க டீச்சர் வாயில ஏன் விழல? ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் அந்தப் பொடி ஒண்ணுதான்.”

இடுப்பிலிருந்து ஒரு கொடியை எடுத்து அகமது மீரானிடம் நீட்டினாள். “அண்ணாச்சி, இது என்னன்னு தெரியுதா? எங்க வேலியில கிடந்தது.”

“தெரியாமலா? சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லின்னும் சொல்லுவாவ. எம் பொண்டாட்டி ஆபிதா தினமும் எனக்கு மெல்லக் குடுக்கா. இத மென்னுட்டு ஒரு மூட சீனியத் தின்னாலும் அர மணி நேரத்துக்கு மண்ணுதான். என் சீனி கொறஞ்சுதோ இல்லையோ, காப்பி ஆச கொறஞ்சுட்டு.”

பொடி வரிசைக்காரர்கள் நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னும் நம்ப வேண்டாம்” என்றாள் பிரேமலதா. “ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க. மணி வேண்டாம், புகை வேண்டாம். இனிப்பு தன்னால திரும்புதான்னு பாப்போம்.”

முந்நூறு பேரும் உட்கார்ந்தார்கள். சோடா தீர்ந்தது. சாமி மட்டும் உட்காரவில்லை; வேன் பக்கம் பைய நகர்ந்தார். அகமது மீரான் அவருக்கு முன்னால் போய் வேன் படியில் உட்கார்ந்துகொண்டார். அங்கே அறுத்து வைத்திருந்த முதல் பெட்டியைப் பார்த்தவர் ஒரு குலையைத் தூக்கினார். காம்பில் நீல நூல்.

“மதினி, இந்த நூலு நீங்க கட்டுததா? போன அறுப்புச் சமயம் நம்ம வண்ணார்பேட்டைல ஒரு ஜூஸ் கடையில இதே நூலோட தொங்குச்சு. நம்ம மதினி பழம்லான்னு பெருமைக்கு ரெண்டு கிளாஸ் குடிச்சேன். சீனி இருக்கது அன்னைக்கு ஞாபகம் வரல.”

ஆவுடைநாயகம் எழுந்து நின்றார். “அது ஆத்துல விட்ட பழம்லா?”

அகமது மீரான் சாமியைப் பார்த்தார். “ஏன் சாமி, நம்ம ஆறு இப்ப ஜூஸ் கடைக்குள்ளயா ஓடுது?”

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. இறக்கச் சொன்ன இடத்துல இறக்குவேன். ஆத்துப் பக்கம் வண்டி போனதே இல்ல.”

ஒரு மணி நேரம் முடிந்தது. பிரேமலதா கிழக்குப் பந்தலில் ஒரு குலையின் அடி நுனியிலிருந்து பழத்தைப் பிய்த்துப் புருஷனிடம் கொடுத்தாள். வாயில் வைத்தார். பன்னீர் மணத்தோடு, அடியில் லேசான புளிப்போடு, இனிப்பு நாக்கு முழுவதும் நிறைந்தது. நாக்கு பொய் சொல்லவில்லை. நாக்கை வாடகைக்கு விட்டவர்தான் தவறு செய்தவர். அவரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் இடுப்புக் கத்திரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தானே மேற்குப் பந்தலுக்குப் போய், நெருக்கியடித்துக் கிடந்த ஒரு பெரிய குலையை இரண்டாகப் பிளந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம். ஒரு பழம் தின்று பார்த்தார். பொடி இல்லாமலே புளித்தது.

“இத என்னளா செய்ய?”

“இந்தப் போகத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த கவாத்துக்குக் கத்திரிய நீங்க பிடிங்க.”

தம்பி கிழக்குக் குலை ஒன்றை முழுசாகத் தின்று முடித்திருந்தார். “கல்லு கிடக்கட்டும்ணே” என்றார். “ரெண்டு பக்கமும் மதினி பக்கம் மாதிரி இருந்தாச் சரி.”

அதற்குள் கரும்புக்காரர் தலைமையில் நாலு பேர் சாமியின் காவி வேட்டியைப் பிடித்துவிட்டார்கள். பிரேமலதா குறுக்கே போனாள்.

“கை வைக்காதிய. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சு, மத்தத அங்க பேசிக்கிடுவோம். ஜீப் வரதுக்கு எப்பிடியும் நேரமாகும். எங்க தோட்டத்துக் கேட்டு ரெண்டு மாசமாத் தொங்குது. இவருக்கு வெல்டிங் தெரியும்லா?”

யாரோ போய் மிஷினைக் கொண்டு வந்தார்கள். முந்நூறு பேர் பார்க்க, இனிப்புச் சாமி குத்தவைத்து உட்கார்ந்து கேட்டை ஒட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: அருமையாக ஒட்டினார். அந்த வேன் கிழக்குப் பந்தல் பழத்தை ஏற்றிக்கொண்டு நேரே சந்தைக்குப் போனது. முன் சீட்டில் ஆவுடைநாயகம், பழைய கண்டக்டர் தோரணையில், ‘போலாம் ரைட்’ என்று கதவைத் தட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரேமலதா மேற்குப் பந்தல் அழுகலைக் குழி தோண்டி மூடிக்கொண்டிருந்தபோது கரும்புக்காரர் தேடிக்கொண்டு வந்தார்.

“அக்கா, நீங்க சொன்னது சரிதான். பொடி இல்லாமத் தின்னா என் கரும்பு நல்லாத்தான் இனிக்கு. ஆனா பசுமாடு பால் கொறச்சிட்டு. வடக்க ஒரு ஊர்ல பால் சாமின்னு ஒருத்தரு வந்திருக்காராமே, போய்ப் பாத்தா என்ன?”

பிரேமலதா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மாட்டுக்கு என்ன தீனி போடுதிய?”

கரும்புக்காரர் தலையைச் சொறிந்தார். “அத நான் யோசிக்கலையே.”

சாமிகளுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் வராது மக்கா. திராட்சைக்காவது கவாத்துக் கொடுத்து நூற்றிருபது நாள் காத்திருக்க வேண்டும். யோசிக்காத தலையில் அவர்களுக்கு வாரா வாரம் அறுப்பு. உங்கள் நாக்கு உங்கள் வாயில்தான் இருக்கிறது. அடுத்தவன் வந்து அதில் பொடி வைக்குமுன், அதைக் கொண்டு ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள்.